கவிழ்த்து வைத்த துரும்பு

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக்குத் தெற்கே ஓலை வேய்ந்த ஒரு கரைவலை வாடி இருந்தது. 1981இல், பன்னிரண்டு வயதில், அங்கேதான் நான் முந்நூற்றிநாலு பழகினேன். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமைதியான மாதங்கள். மீன் கூட்டம் தெரியும்வரை வலைக்காரர்கள் மணலில் பாய் விரித்துச் சீட்டுப் போடுவார்கள். காசு கிடையாது. சூது ஹராம் என்பதில் அங்கே யாருக்கும் மறுபேச்சில்லை. தோற்ற பக்கம் புளியங்கொட்டை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் வாப்பாவுக்குத் தெரியாமல்தான் போவேன். சீட்டுக்கட்டைத் தொடுவதே பிழை என்பார் அவர். அறுவடைக் காசைச் சீட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு போனவர்களை அவர் கண்டிருந்தார். அந்தப் பயம் நியாயமானது என்று இன்றும் சொல்வேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டில் இரண்டு முதல் ஆறு வரை நீக்கினால் 32 சீட்டு மிஞ்சும். ஜே 30 புள்ளி, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கே 3, கியூ 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு பக்கம். ஆளுக்கு நாலு சீட்டு வந்ததுமே கேள்வி, அதாவது வெல்லும் பிடிகளில் இத்தனை புள்ளி எடுப்போம் என்ற வாக்கு, தொடங்கிவிடும், மற்ற நாலும் பிறகுதான் வரும். குறைந்த கேள்வி 160, அதாவது மொத்தத்தில் பாதிக்கும் கூட. கடைசியாகக் கேட்டு நின்றவர் துரும்பை, அதாவது மற்றச் சாதிகளை வெட்டும் சாதியின் ஒரு சீட்டை, முன்னால் கவிழ்த்து வைப்பார். பாதிக் கையைப் பார்த்து முழு ஆட்டத்துக்கும் வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு எழும்ப முடியாது.

என் சாச்சா அந்த வாடியின் மூத்த ஆட்டக்காரர். அவருக்குப் பின்னால் குந்தியிருந்து பார்ப்பேன். எதிர்ப்பக்கத்தில் ஒருவர், நல்ல கை வந்தால் சாரனை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். இது எல்லாருக்கும் தெரியும். சாச்சா மட்டும் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்.

"மொகத்தப் பாக்காத மனே. மொகம் பொய் செல்லும். என்னத்தக் கேக்கிறான், என்னத்தக் கழிக்கிறான், அதப் பாரு."

ஒரு நாள் சாச்சாவின் முதல் நாலு சீட்டில் இரண்டு ஜே. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முதலில் பேச வேண்டிய சாரன்காரர் 160 என்று தொடங்காமல் ஒரேயடியாக 180 என்றார். சாச்சா ஒரு நொடியும் யோசிக்காமல் "பாஸ்" என்றார். ஆட்டம் முடிந்து எண்ணியபோது எதிர்ப்பக்கம் 172இல் நின்றது.

வீடு போகும் வழியில் கேட்டேன். அலை விளிம்பு ஈரத்தில் நடந்துகொண்டே சொன்னார்: "ரெண்டு ஜேயும் ரெண்டு சாதி. துரும்பு வெக்க நீளம் இல்ல. அவன் எடுத்த எடுப்பில 180 கேட்டா ஒரு சாதியில ஜேயும் ஒம்பதும் இரிக்கி எண்டு அர்த்தம். ஆனா என்ட ரெண்டு ஜேயும் அவன்ட கணக்கில இல்ல. நான் கேட்டிருந்தா நாம தோத்திருப்பம். உட்டதாலதான் அவன் தோத்தான்." அதோடு நிறுத்தவில்லை. மூன்றாவது பிடியில் தான் போட்ட பத்தைப் பிழை என்றார். வென்ற ஆட்டத்திலும் தன் பிழையைத் தேடிக்கொண்டே வீடு வரை வந்தார்.

சாச்சா மௌத்தாகிப் பல வருடங்களுக்குப் பிறகு, 2004 மார்கழி 26 காலையில் அந்தக் கரையும் போனது. அந்தப் பாயில் இருந்தவர்களில் இருவரைக் கடல் கொண்டது. வாடி நின்ற இடத்தை இன்று என்னால் சரியாகக் காட்ட முடியாது.

போன மாதம் தங்கச்சியின் மகன் மடிக்கணினியில் எனக்கு லிமிட் போக்கர் காட்டினான். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிற பிள்ளை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் செபியஸ் என்றொரு நிரலைச் செய்து, இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் என்கிற போக்கர் வகையை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டதாக 2015 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் அறிவித்தார்களாம். 4,800 சிபியூக்கள் இரண்டு மாதத்துக்கு மேலாக ஓடியிருக்கின்றன. "அது எப்படிப் பழகிச்சு?" என்று கேட்டேன். தனக்குத் தானே ஆடுமாம். 'விட்டிருக்கலாமே, கேட்டிருக்கலாமே' என்கிற கைசேதத்தை ஒவ்வொரு கட்டத்துக்கும் எண்ணாக எழுதி வைத்து, அடுத்தடுத்த ஆட்டங்களில் அதைக் குறைத்துக்கொண்டே போகுமாம். ஈர மணலில் நடந்துவந்த மனிதர் என் கண்முன் நின்றார். முகம் பார்க்காத ஆட்டக்காரர் அவர். இந்த இயந்திரத்துக்குப் பார்க்க முகமே இல்லை.

மருமகன் இன்னொரு நிரலோடு காசில்லாமல் ஆடிக் காட்டினான். லிமிட்டில் பந்தயத்தின் அளவு நிலையானது. முதல் இரண்டு சுற்றில் ஒரு மடங்கு, பின் இரண்டு சுற்றில் இரு மடங்கு. உள்ளதையெல்லாம் தள்ளி எதிராளியை மிரட்ட வழியில்லை. கடைசிச் சீட்டும் விழுந்தபோது நடுவில் ஒன்பது பந்தயம் கிடந்தது. இன்னொன்று போட்டால் எதிராளியின் கையைப் பார்க்கலாம். இவன் போடாமல் சீட்டை விட்டுவிட்டான்.

"பயத்தில உட்டியா, கணக்கில உட்டியா?"

"தோத்திருப்பன் மாமா."

"பத்துத் தரத்தில ஒம்பது தரம் தோத்தாலும், ஒரு தரம் வெண்டாச் சமன். அதுக்கும் வழியில்லையா?"

அவன் பேசவில்லை. எங்கள் ஆட்டத்தில் கேட்ட பின் வெளியேற வழியில்லை. இதில் ஒவ்வொரு சுற்றிலும் கதவு திறந்திருக்கிறது. உதவாத கையை முதல் சுற்றிலேயே விட்டால் நட்டம் சின்னது. கடைசியில் கோழைத்தனத்தால் விட்டால் நடுவில் கிடக்கும் அத்தனையும் போகும். விடுவது எப்போது என்பதை இவன் தலைகீழாகப் பழகியிருந்தான்.

காசு கட்டி ஆடும் செயலிகளை இவன் தொடுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். தொடும் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வாடியில் "மீன் வந்திட்டு, எழும்புங்க" என்று ஒரு குரல் வரும். வெல்லும் கையோ தோற்கும் கையோ, அப்படியே மணலில் போட்டுவிட்டு ஓடுவோம். இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஃபோனோடு கிடக்கும் பிள்ளையை யார் எழுப்புவது?

முந்நூற்றிநாலு பழக வேண்டும் என்றான் மருமகன். கட்டு இருந்தது, ஆள்தான் மூன்று. மச்சான் அவனுக்கு எதிரே இருந்தார். குசினியிலிருந்து தங்கச்சி ஒரு கிண்ணம் புளியங்கொட்டையோடு வந்து எனக்கு எதிரே, என் கையாக அமர்ந்தாள்.

"ஒனக்கு இது தெரியுமா?"

"வாடிக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தது ஆரு?"

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. வாளியை வைத்துவிட்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

நாலு நாலாகச் சீட்டு வந்தது. மருமகன் 160 கேட்டான். நான் "பாஸ்" என்றேன். மச்சானும் விட்டார். கேள்வி தங்கச்சியிடம் போனது. அவள் தன் சீட்டைக்கூடப் பார்க்கவில்லை.

"காக்கா ரெண்டு ஜேய வெச்சிக்கிட்டு உடுறார்," என்றாள். "பாஸ்."