மாப்பிள்ளை வாங்கின மண் வீடு

மாப்பிள்ளே, வீடு நல்லாத்தான் இருக்கு. அமெரிக்காவுல சான்டா ஃபே வரைக்கும் வந்து, இம்புட்டு டாலரைக் கொட்டி மண் சுவரு வாங்கின ஆளு நம்ம பக்கத்துல நீங்க ஒருத்தர்தான். எங்க வீட்டுல இதே மண் சுவரைப் பாத்துட்டுத்தான், பொண்ணு பாக்க வந்தன்னைக்கு உங்க அம்மா மூக்கைச் சுளிச்சாங்க. போகட்டும், பழசைக் கிளறப்படாது.

இந்த ஊரு வேடிக்கையான ஊரு. 1957-ல ஒரு சட்டம் போட்டு, பழைய டவுனுக்குள்ள புதுசாக் கட்டுனாலும் பழைய பாணியிலதான் கட்டணும்னுட்டாங்க. மரச்சட்டம் நிறுத்தி, கம்பிவலை அடிச்சு, மண் நிறத்துல பூசி நிக்கிற வீடு தெருவுக்குத் தெரு. வெளிய நீட்டிக்கிட்டிருக்க உத்திரக்கட்டைகூடச் சில வீட்ல ஒட்டவச்சதுதான். மரமெல்லாம் மண்ணு வேஷம் கட்டுது. நீங்க அசல் மண்ணுக்குச் சிமெண்டு வேஷம் கட்டக் கொத்தனாருக்குப் போன் போடுறீங்க. படிச்சவரு, காரணம் இல்லாமலா இருக்கும்!

ராஞ்சோஸ் டி டாவ்ஸ் சர்ச்சுக்கு மக கூட்டிட்டுப் போனா. 200 வருஷம் தாண்டின, சுடாத பச்சைக்கல் கட்டடம். ஓவியம் எழுதின ஜார்ஜியா ஓ'கீஃப் அம்மா அதோட முதுகுப்பக்கத்தைத்தான் விரும்பி வரைஞ்சிருக்கு; முதுகே அம்புட்டு அழகு. வருஷா வருஷம் பூசுறது யாருன்னு 1967-ல அங்கயும் சிமெண்டை அப்பியிருக்காங்க. நனைஞ்ச மண்ணு காயணும்லா? வெடிப்புல இறங்கின தண்ணி திரும்பி வர வழியில்லாம, உள்ளுக்குள்ள சுவரு சொதசொதத்துப் போச்சு. 1979-ல அத்தனையும் உரிச்சுப் போட்டுட்டு, மறுபடி மண்ணும் வைக்கோலும். இப்பவும் சனமெல்லாம் கூடி வருஷந்தவறாமப் பூசுது.

உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் ஏணி போட்டு மட்டப்பாவுல ஏறிப் பாருங்க. 'கனாலே'ங்கிறாங்களே, அந்தத் தூம்பு அடைச்சுக் கிடக்கு. சுவரோரம் ரோஜா வச்சுத் தினமும் குழாயைத் திறந்துவிடுறீங்க. சுவரும் வளரும்னு யாராவது சொன்னாங்களா? ஏசிக்காரனையும் கொஞ்சம் நிறுத்தி வைங்க. ரெண்டடிச் சுவரு பகல் வெயிலைப் பையப் பைய வாங்கி, ராத்திரிக் குளிருல திருப்பித் தரும். கரண்ட்டு பில்லு வராது.

மண்ணு தோட்டத்துலயே கிடக்கு, வைக்கோலுக்கு மட்டும் சொல்லி வைங்க. குழைச்சு மூணு நாளாவது புளிக்கப் போடணும். மிதிக்கத்தான் ஆளு பத்தாது. உங்க அம்மா அடுத்த வாரம் வாறாங்களாமே?