காக்கியின் அந்தரங்கம்

பேருந்து நிலையத்தில் அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ‘திருடர்கள் ஜாக்கிரதை’. கீழே வரிசையாக முகங்கள். எத்தனை பேர் மீதான வழக்கு முடிந்தது, எத்தனை பேர் விடுதலையானார்கள் என்று பலகை சொல்லாது. போலீஸ் ஸ்டேஷனுக்குள் இன்னொரு நோட்டு இருக்கிறது. ரவுடிகளின் சரித்திரப் பதிவேடு. இருபது வயதில் அதில் பெயர் ஏறினால், தாத்தாவான பிறகும் தேர்தல் வந்தால் தேடி வருவார்கள். இவர்களுக்கெல்லாம் அந்தரங்கம் உண்டா என்று யாரும் கவலைப்பட்டதில்லை.

இப்போது அதே ஸ்டேஷனைப் பற்றி நீங்கள் கேட்டுப் பாருங்கள். இந்த இன்ஸ்பெக்டர் மீது எத்தனை புகார்? ஒழுங்கு நடவடிக்கைக்கான 3(பி) மெமோ வந்ததா? என்ன தண்டனை? பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். பதில் வரும். தனிப்பட்ட தகவல், தர இயலாது.

அதாவது, லாக்கப்பில் ஒருவனை அடித்தது அவருடைய சொந்த வாழ்க்கை. கல்யாண ஆல்பம் மாதிரி. நீங்கள் எட்டிப் பார்க்கக் கூடாது.

இதற்குச் சட்டப் பின்பலம் உண்டு. 2012-இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசு ஊழியருக்கு வந்த மெமோவும் தண்டனை உத்தரவும் அவருக்கும் அவருடைய முதலாளிக்கும் இடைப்பட்ட விவகாரம். நல்லது. அந்த முதலாளி யார்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறவன், சம்பளம் கொடுப்பவன், அடியும் வாங்குபவன், அவன் யாராம்?

அப்போதாவது ஒரு சந்து இருந்தது. பொது நலன் இருந்தால் கொடுக்கலாம். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவின் கீழ் ஒரு வரியும் இருந்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் போன் நம்பரை விற்கிறவர்களைப் பிடிக்கத்தான் வருகிறது என்று நம்பினோம். அது போகிற போக்கில் அந்த வரியை வழித்துப் போட்டது. இனி தனிப்பட்ட தகவல் என்றால் தனிப்பட்ட தகவல்தான், பேச்சு முடிந்தது. 8(2) பிரிவு மிச்சம் இருக்கிறதே, பொது நலனைப் பார்த்துத் தரலாமே என்பார்கள் வக்கீல்கள். பொது நலனை எடைபோடுபவர் யார்? அதே அலுவலகத்தின் தகவல் அலுவலர்.

இந்த மூடுமந்திரத்தால் யாருக்கு நஷ்டம்? கைகலப்பு, மரணம், மறியல் என்றானதும் ‘அதிரடி இடமாற்றம்’ என்று செய்தி வரும். ஆயுதப்படைக்கு மாற்றம். கொஞ்ச நாள் கழித்து ஆள் வேறொரு ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஊர்க்காரனுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. ரவுடி ஊர் மாறினால் பதிவேடு பின்னாலேயே போகும். இவருக்கு மாலை மரியாதைதான் போகும்.

2020 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். போலீஸ்காரர்களின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளை 1976 முதல் மறைத்துவந்த 50-ஏ என்ற சட்டத்தை நியூயார்க் மாகாணம் அந்த மாதம் ரத்து செய்தது. சும்மா இல்லை, தெருவில் லட்சக்கணக்கானவர்கள் நின்ற பிறகு. அதே மாதம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் ஸ்டேஷனில் வாங்கிய அடியில் மாண்டார்கள். மாஜிஸ்திரேட் போய் சிசிடிவியைப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம். ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி செட் செய்திருந்தார்கள். கேமரா வைத்தது அரசாங்கம், மறதி கற்றுக்கொடுத்தது ஸ்டேஷன். அங்கே உண்மையைச் சொன்னது இயந்திரம் அல்ல, ஒரு பெண் தலைமைக் காவலர். அடுத்தது மடப்புரம். 2025 ஜூனில் கோயில் காவலாளியைப் போலீஸ் அடித்ததற்கு ஆதாரம் தந்தது, மறைந்து நின்று ஒருவர் எடுத்த செல்போன் வீடியோ. பொதுப் பணத்தில் வாங்கிய கேமரா எதுவும் அல்ல.

சரி, புகார் கொடுக்கலாமே? 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: போலீஸ் மீதான புகாரை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் விசாரிக்க வேண்டும். வழக்குப் போட்டவரே ஓய்வுபெற்ற டிஜிபி. தமிழ்நாடு 2013-இல் சட்டம் போட்டது. அதன்படி வந்ததுதான் ஆணையம். தலைவர், உள்துறைச் செயலர். உறுப்பினர்கள், டிஜிபியும் ஏடிஜிபியும். மாவட்டத்தில் கலெக்டர், கூடவே எஸ்பி, ஏடிஎஸ்பி. நீதிபதியை மட்டும் காணோம். இன்ஸ்பெக்டர் அடித்தாரா? விசாரிப்பவர் இன்ஸ்பெக்டரின் மேலதிகாரி. எஸ்பி அடித்தாரா? விசாரிப்பவர் எஸ்பியின் மேலதிகாரி. 

எனவே அதிகாரிகளைப் பற்றிக் கேட்பதை விட்டுவிடலாம். ஸ்டேஷன் பாத்ரூமைப் பற்றிக் கேட்போம். கையில் மாவுக்கட்டோடு வருகிறவன் எல்லாம் அங்கேதான் வழுக்கி விழுகிறான். கைதிக்கு மட்டும்தான் வழுக்குமா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டாயிற்று. பாத்ரூம் தனிநபர் இல்லை, அதற்கு எந்தப் பிரிவும் பாதுகாப்புத் தராது. மனுவை இப்படி எழுதலாம்: டைல்ஸ் போட்ட ஒப்பந்ததாரர் யார்? செலவு எவ்வளவு? இதுவரை வழுக்கி விழுந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் காக்கி போட்டவர்கள் எத்தனை பேர்?