வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாமலே ரிப்போர்ட் கொடுப்பது எப்படி?

கூகுள் அனலிடிக்ஸைத் திறந்து ‘டைரக்ட்’ வரியைப் பாருங்கள். பாதிக்கு மேல் அதுதானா? சபாஷ், பாதி வேலை முடிந்தது.

1. அவர்கள் எல்லோரும் உங்கள் கடையின் இணைய முகவரியை மனப்பாடம் செய்து, எழுத்து எழுத்தாக டைப் அடித்து வந்த பக்தர்கள் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். வந்த வழி தெரியாத யாரையும் அனலிடிக்ஸ் இந்தக் கணக்கில்தான் எழுதும் என்பதை மட்டும் மூச்சு விடாதீர்கள். வாட்ஸ்அப் ஃபேமிலி குரூப்பில் பெரியம்மா ஃபார்வர்டு செய்த லிங்க், பிடிஎஃப் விலைப்பட்டியலில் இருந்த லிங்க், கல்லாவில் ஒட்டிய க்யூஆர் கோடு, எல்லாம் பக்திதான்.

2. வந்த வழியைச் சொல்லும் யூடிஎம் குறியை லிங்கின் வாலில் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆகவேண்டுமென்றால் ஆளுக்கொரு விதமாகச் சேருங்கள். ஒருவர் ஃபேஸ்புக்கை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தொடங்கட்டும், இன்னொருவர் பெரிய எழுத்தில். மூன்றாமவர் ‘எஃப்பி’ என்று சுருக்கட்டும். அனலிடிக்ஸுக்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. ஒரே ஃபேஸ்புக் மூன்று வரியாகப் பிரிந்து நிற்கும். தீபாவளி ஆஃபர் எடுபட்டதா என்று கேட்டால், மூன்றில் தோதான வரியைக் காட்டுங்கள்.

3. வாடிக்கையாளர் பணம் கட்ட பேமென்ட் கேட்வேக்குப் போய்விட்டுத் திரும்புவார். அந்தத் தளத்தை விலக்குப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். போடாவிட்டால் விற்பனையெல்லாம் கேட்வே புண்ணியத்தில் நடந்ததாக ரிப்போர்ட் சொல்லும். விளம்பரச் செலவை வெட்ட இதைவிட நல்ல சாட்சி ஏது?

4. ஆபீஸ் ஐபியை வடிகட்டாதீர்கள். பேனர் கோணலாக இருக்கிறதே என்று டிசைனர் சாயங்காலம் வரை ரீஃப்ரெஷ் அடிப்பதும் மக்கள் ஆதரவுதானே.

5. எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதைக் கூகுள் 2011-லிருந்தே மறைக்கத் தொடங்கிவிட்டது என்று உச்சுக் கொட்டுங்கள். கூகுளின் சர்ச் கன்சோலில் அந்தச் சொற்களில் ஒரு நல்ல பங்கு இலவசமாகக் கிடைக்கிறது. திறக்காதீர்கள்.

6. முழுப் புகழையும் கடைசி க்ளிக்குக்கே கொடுங்கள். ஒரு பெண் உங்கள் புடவையை யூடியூப் வீடியோவில் பார்க்கிறார். இன்ஸ்டாகிராமில் மறுபடி பார்த்து அம்மாவிடம் காட்டுகிறார். சம்பளம் வந்ததும் கூகுளில் கடைப் பெயரை அடித்து, மேலே நின்ற உங்கள் விளம்பரத்தைத் தட்டி வாங்குகிறார். விற்றது யார்? அந்த விளம்பரம்தான்! யூடியூப் செலவை இந்த மாதமே நிறுத்துங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடைப் பெயரைத் தேடுகிறவர்கள் குறைந்தால் ஆடி மாதத்தின் மேல் பழி போடுங்கள். ஆடி இல்லையென்றால் மார்கழி.