இலை உதிராத ஊரில்

அமெரிக்காவில் இலை பழுக்கும்போதுதான் பேஸ்பால் கணக்கும் பழுக்கும்: வீரர் ஆரன் ஜட்ஜ் அந்தப் பருவத்தின் தன் 62ஆவது ஹோம் ரன்னை அடித்தது 2022 அக்டோபரில்.

சிங்கப்பூரில் இலையுதிர்காலமே கிடையாது. சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு வளைவு ஏறினால் அதுதான் பருவமாற்றம். 2023இல் புகைமூட்டமும் அழையா விருந்தாளியாக வந்தது. அக்டோபர் 7இல் காற்றுத்தரம் ஆரோக்கியமற்ற நிலையைத் தொட்டது. நான்கு நாள் கழித்து டெல்லியில் ரோகித் சர்மா, சர்வதேச கிரிக்கெட்டில் கிறிஸ் கெய்லின் 553 சிக்ஸர்களைத் தாண்டினார். தேக்கா சந்தையில் மனைவி புடவைக்கு நிறம் கேட்டால், ஆட்டத்தில் மூழ்கிய கணவரிடமிருந்து “சிக்ஸ்!” என்றுதானே பதில் வரும்?

சிக்ஸர் அடிப்பதில் சிங்கப்பூருக்குச் சொந்தச் சரக்கும் உண்டு. கிரிக்கெட் வீரர் டிம் டேவிட் இங்கே பிறந்தவர், சிங்கப்பூர் அணிக்கு ஆடியவர். 2022 முதல் அவர் பந்தைத் தூக்கியடிப்பது ஆஸ்திரேலியாவுக்காக. பெற்றோரும் அந்நாட்டவரே. மறுஏற்றுமதியில் கைதேர்ந்த துறைமுகமாயிற்றே சிங்கப்பூர்!