அசையாத சட்டத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பாண்டிருப்பு

பெருமதிப்புக்குரிய தொழில் திணைக்களத்தாருக்கு,

2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டத்தின் மனவுறுதியைப் பாராட்டவே இதை எழுதுகிறோம். மாதம் 10,000 ரூபா என்று பிறந்த சட்டம் 2021 இல் 12,500 ஆனது. மறுவருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் சொன்ன பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம்; சாப்பாட்டுச் சாமான்களுக்கு 95. அரிசியும் மாவும் எண்ணெயும் ஏறின, சட்டம் அசையவில்லை. எங்களூர்த் திரௌபதை அம்மன் தீப்பள்ளயத்தில்கூட தீயைக் கடந்து போவார்களே தவிர, நடுவில் நின்றுகொள்ள மாட்டார்கள். உங்கள் சட்டம் 2024 வரை நின்றது! நிவாரணப்படி 3,500 ரூபாவை மறந்துவிட்டோம் என்பீர்கள். சேர்த்தால் 16,000. 2024 இல் புள்ளிவிபரத் திணைக்களம் ஒரு தனி ஆளுக்குப் போட்ட வறுமைக்கோடே அதற்கு மேல். ஆகவே உழைப்பவர் தான் மட்டும் அரைவயிறு சாப்பிட்டு, மனைவி பிள்ளைகளைப் பொறுத்திருக்கச் சொன்னால் கணக்கு ஓரளவு சரிவரும்.

2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆக்கிவிட்டோமே என்பது உங்கள் பதிலாக இருக்கும். நல்லது. ஆனால் அந்த 30,000 ஐயும் வாக்கியமாகச் சட்டத்துக்குள் எழுதிவைத்திருக்கிறீர்கள். அடுத்த விலையேற்றத்திலும் அது அப்படியே நிற்கும். பெற்றோல் விலைக்கு மாதாமாதம் சூத்திரம் போட்டுத் திருத்தத் தெரிந்த அரசாங்கத்துக்கு, சம்பளத்தை விலைச்சுட்டெண்ணோடு கட்டிவிட மட்டும் ஏன் நாடாளுமன்றம் கூட வேண்டியிருக்கிறது? விற்பவருக்குச் சூத்திரம், உழைப்பவருக்குத் தேர்தல் காலம்.

கூட்டிக் கொடுத்தால் கல்முனைக் கடைகள் மூடப்படும் என்று முதலாளிமார் சொல்வதை அலட்சியம் செய்ய முடியாது. சிறு கடைக்காரரின் கையிருப்பு உண்மையிலேயே சொற்பம். ஆனாலும் கடைப்பையன் வாங்கும் சம்பளம் கொழும்பு வங்கியில் தூங்காது, அதே பசாரில்தான் செலவாகும். எல்லோரும் ஒரே தொகை கொடுக்கும்போது, குறைத்துக் கொடுத்துப் போட்டியில் வெல்ல ஒருவராலும் முடியாது. அப்படிக் கூட்டிக் கொடுக்கவைத்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்தில், பசியாற இலவச உணவுக்கு வரிசையில் நின்றவர்கள் வேலைக்குப் போகிறவர்கள்தாம் என்பதைத் தேவாலயத்தார் கண்டுகொண்டார்கள். தொழிற்சங்கத்தோடு சேர்ந்து அவர்கள் கிளம்பியதில், 1994 இல் நகரசபை ஒப்பந்தகாரருக்குச் சட்டம் வந்தது: நாட்டின் ஆகக்குறைந்த கூலி 4.25 டொலராக இருக்கையில், நகரசபை வேலைக்கு 6.10 இலிருந்து தொடக்கம். இங்கே கோயில் நிருவாகமும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் அன்னதானத்துக்கும் சக்காத்துக்கும் வருவோரிடம் வேலை இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்தால் போதும்.

அடுத்த ஊரான மருதமுனையின் கைத்தறி நெசவாளர் பற்றி உங்கள் சட்டம் என்ன சொல்கிறது? அவர் மாதச் சம்பளக்காரர் அல்லர். சாரிக்கு இவ்வளவு என்று கூலி. “சுயதொழில்” என்று பெயர். நூலும் தறியும் இன்னொருவருடையது, விலையையும் அவரே சொல்வார் என்றால், இதில் “சுயம்” எங்கே இருக்கிறது? நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் தறியில் இருந்தால் சட்டத்தின் நாட்கூலி தேறும் என்று உங்கள் பரிசோதகர் கணக்குப் பார்த்தால், துண்டுக்கூலிக்கும் ஓர் அடிமட்டம் வைக்கலாம்.

இத்தனையும் கொழும்பால் முடியாதென்றால் பரவாயில்லை. கல்முனை மாநகரசபை தன் கேள்விப்பத்திரங்களில் “வாழப் போதுமான கூலி கொடுப்போருக்கே ஒப்பந்தம்” என்று ஒரு வரி சேர்ப்பதை மட்டும் தடுக்காதிருங்கள்.

இப்படிக்கு,
பொறுமையைச் சட்டத்திடம் கற்றுக்கொண்ட ஊரவர்

பிரதி: ஆணையாளர், கல்முனை மாநகரசபை — கேள்விப்பத்திரக் கோவையில் சேர்த்துக்கொள்ள.