பாதிப்பு: தூசி, தீர்வு: தண்ணீர் தெளிக்கவும்

செஞ்சிக்குப் புதிய குடிநீர்த் திட்டம் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். அதற்கான சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையை நான் இப்போதே எழுதித் தந்துவிடுகிறேன். ஊரை வந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறதா, கடலிலிருந்து வருகிறதா என்பதுகூட எனக்குத் தெரிய வேண்டாம். ஆலோசனைக் கட்டணம் மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டால் போதும்.

அறிக்கை இதோ. காந்தி பஜாரில் பள்ளம் தோண்டினால் தூசி பறக்கும்: தண்ணீர் தெளிக்கவும். பொக்லைன் சத்தம் போடும்: இரவில் ஓட்ட வேண்டாம். போக்குவரத்துக்கு இடைஞ்சல்: தடுப்பு வைத்துச் சிவப்புத் துணி கட்டவும். தோண்டிய மண் மழையில் கரையும்: அன்றன்றே அள்ளவும். கூலியாட்களுக்கு ஆபத்து: தலைக்கவசம் தரவும். மேற்படி பாதிப்புகள் யாவும் தற்காலிகமானவை, அந்தந்த இடத்தோடு முடிபவை, எளிதில் தணிக்கக்கூடியவை. ஆகவே இத்திட்டத்தால் சூழலுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு ஏதுமில்லை. சுபம்.

தண்ணீர் வராத ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர, அதே ஊரின் தெருவில் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறோமே என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் ஆலோசகர் வேலைக்கு லாயக்கில்லை.

இது வெறும் கிண்டல் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் சுற்றுச்சூழல் அனுமதிக்கான விதி 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி வெளியான அறிவிக்கை. சுரங்கம், அனல்மின் நிலையம், சிமென்ட் ஆலை, பெரிய கட்டடம் என்று அதன் அட்டவணை நீள்கிறது. குடிநீர்க் குழாய்த் திட்டம் என்று அதில் ஒரு வரி கிடையாது. ஊருக்கு ஊர் ஆற்றுப்படுகையில் கிணறு இறக்கி, மலையளவு தொட்டி கட்டி, நூறு கிலோமீட்டர் குழாய் பதித்தாலும் இந்த அறிவிக்கை உங்களை ஒரு கேள்வி கேட்காது. கேட்பவர் யார் என்றால், கடன் கொடுத்தவர். ஆசிய வளர்ச்சி வங்கி 2018-இல் தமிழ்நாட்டு நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கு 50 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அந்தக் கடனுக்குப் பொருந்திய, வங்கியின் 2009-ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கை திட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்தது. ஏ என்றால் முழு ஆய்வு. பி என்றால் தொடக்கநிலை ஆய்வு. அறிக்கை எழுதுகிறவர்களின் சொர்க்கம் அந்த ‘பி’. மேலே நான் எழுதிய தூசிப் பட்டியல் அங்கேதான் மணக்க மணக்க வாழ்கிறது. நம் மண்ணுக்கு என்ன ஆகும் என்று நம் சட்டம் கேட்கவில்லை. வட்டிக்குக் கொடுத்தவர் தன் பணத்துக்கு ஆபத்து வருமா என்று கேட்கிறார். அதற்குத்தான் இந்தப் பதில்.

அனுமதி தேவைப்படும் திட்டங்களில் மட்டும் என்ன வாழ்கிறது? திட்டம் போடுகிறவரே ஆலோசகரைத் தேர்ந்தெடுத்து, அவரே கூலி கொடுக்கிறார். பரீட்சை எழுதும் பையன் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் எவன் ஃபெயிலாவான்? மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதப்பட்ட அறிக்கையில், அங்குள்ள பறவைகள் ஸ்ப்ரூஸ் மரக்காட்டிலும் பிர்ச் மரக்காட்டிலும் வாழ்வதாக இருந்தது. கொங்கணக் கடற்கரையில் ஏது பிர்ச் மரம் என்று தேடியபோதுதான் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பக்கங்கள் அப்படியே இறங்கியிருந்தது தெரிந்தது. செஞ்சிக்கு நான் எழுதும் அறிக்கையில் பனிக்கரடி இருக்காது. அந்த ஒரு உத்தரவாதத்தைத் தருகிறேன்.

இப்படி எழுத வெட்கப்பட வேண்டிய ஊர் ஒன்று உண்டென்றால் அது செஞ்சிதான். கருங்கல்லைக் கொட்டிக் குவித்தது போன்ற நாடு இது. நிலத்தடியில் மணலும் இல்லை, ஊற்றுப் பெருக்கும் இல்லை. பாறை விரிசலில் தேங்குவதுதான் தண்ணீர். இந்த ஊரில், ஏறத்தாழ 800 அடி உயர ராஜகிரிக் கோட்டைமலையின் மேல் ஒரு படையே குடிக்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். உச்சியில் வற்றாத சுனைகள். மழைநீரைப் பிடிக்கத் தேக்கங்கள். அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும். கோட்டைக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண்குழாய் வழியே உள்ளிருந்த கல்யாண மஹாலுக்குத் தண்ணீர் வந்தது. முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-இல் வந்து சூழ்ந்தவன், 1698 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் காத்துக் கிடந்தான். உள்ளே இருந்த மராத்தியர்கள் தாகத்தால் கதவைத் திறக்கவில்லை. நமக்கு எட்டு நாள் மோட்டார் பழுதானால் காலிக் குடத்தோடு சாலை மறியல்.

அரசர் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சுனைத் தண்ணீரை யார் குடித்தார்கள், யார் சுமந்தார்கள் என்பது எனக்கும் தெரியும். அதிகாரத்துக்கு அஞ்சியோ உயிருக்கு அஞ்சியோ, அந்தக் காலத்துக் கொத்தனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்திருந்தது. அந்த இரண்டு கேள்வியும்தான் இன்றைய அறிக்கையில் இல்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் இராணுவ நிலக்காட்சி என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. சந்தோஷம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இனி குழாய்ப் பள்ளம் மதிலருகே வந்தால் அதிகாரி பதறி ஓடி வருவார். சரிதான். ஆனால் அதே கோட்டைக்குக் கீழே கிடக்கும் ஏரியின் வரத்துக்காலில் மனைப்பிரிவுக் கல் நட்டால் எவர் பதறுவார்? கல்லுக்கு இருக்கும் காவல் தண்ணீருக்கு இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் என்று கணக்கு. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் என்றால் ஒரு துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எந்த ஏரியை யார் பார்ப்பது என்று பங்கு போடத் தெரிந்த அரசுக்கு, பார்ப்பது எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

இப்போது அறிக்கையில் இல்லாத கணக்கைப் போடுவோம். 2011 கணக்கெடுப்பில் செஞ்சியில் ஏறத்தாழ 27,000 பேர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், இருக்கும் ஊருக்கு 135 லிட்டர் என்பது அரசின் 1999-ஆம் ஆண்டுப் பொறியியல் கையேட்டுக் கணக்கு. கொடுக்கும் நீரில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பதும் அரசுப் பொறியியல் கணக்குதான். 70 லிட்டர் கொடுத்தால் தினமும் ஏறத்தாழ 15 லட்சம் லிட்டர் சாக்கடை. மேம்படுத்தி 135 லிட்டர் கொடுத்தால் 29 லட்சம் லிட்டர். குழாயைத் திறந்துவைக்க அமைச்சர் வருவார், மாலை விழும், சுவரொட்டி ஒட்டும். அந்த 29 லட்சம் லிட்டரைத் திறந்துவைக்க யார் வருவார்? அது தானாகவே திறந்துகொள்ளும். செஞ்சி பக்கத்து மலையில் பிறந்து ஊரைத் தொட்டு ஓடும் சங்கராபரணி ஆற்றில் இறங்கும். ஆறு வீடூர் அணைக்குப் போகும். அந்த அணைத் தண்ணீரில் தமிழ்நாட்டில் 2,200 ஏக்கர், புதுச்சேரியில் 1,000 ஏக்கர் பயிர். அதற்கும் கீழே புதுச்சேரியின் திருக்காஞ்சியில், 2023 புஷ்கரணி விழாவில் பாவம் தீரப் பெருங்கூட்டம் அதே ஆற்றில் மூழ்கி எழுந்தது. குடிநீர்த் திட்டத்தின் பாதிப்பு காந்தி பஜார் தூசியில் முடிகிறதா, மாநில எல்லையையே தாண்டுகிறதா? ‘அந்தந்த இடத்தோடு முடிபவை’ என்று கையெழுத்துப் போட்டவரைத் திருக்காஞ்சிப் படித்துறையில் இறக்கி மூன்று முழுக்குப் போடச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் வரும் பக்கம் பார்த்தால் கதை இன்னும் நாறும். பக்கத்திலுள்ள ஏரி தூர்ந்து கிடக்க, தூரத்து ஆற்றில் கை வைப்பதே நம் பொறியியலின் வீரம். சென்னைக்காக 2004-இல் வீராணம் ஏரியிலிருந்து 235 கிலோமீட்டர் குழாய் இழுத்தோம். அதற்கும் முன்பு, 1970-களில், அதே வீராணத்துக்காகக் கொண்டுவந்த ராட்சதக் குழாய்கள் தண்ணீரைப் பார்க்காமலே சாலையோரம் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. விவகாரம் ஊழல் புகாராகி சர்க்காரியா விசாரணைக் கமிஷன் வரை போயிற்று. வீடில்லாதவர்கள் அந்தக் குழாய்க்குள் குடித்தனம் நடத்தினார்கள். ஒரு குடிநீர்த் திட்டத்தால் மக்களுக்கு உடனடிப் பயன் கிடைத்ததற்கு அது ஓர் அரிய சான்று; அறிக்கையில் ‘நேர்மறைத் தாக்கம்: வீட்டுவசதி’ என்று சேர்த்திருக்கலாம்.

நம் விழுப்புரம் மாவட்டமும் சளைத்ததல்ல. நிலத்தடி நீரை உயர்த்துகிறோம் என்று தென்பெண்ணையில் தளவானூரில் 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய தடுப்பணை 2020-இல் திறப்பு விழா கண்டது. 2021 ஜனவரியில் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளம் மிச்சத்தையும் பெயர்த்தது. ஆறு தன் பாதிப்பு அறிக்கையைத் தானே எழுதிச் சமர்ப்பித்தது. அதற்கு ஆலோசனைக் கட்டணம் யாரும் கேட்கவில்லை.

மக்கள் கருத்துக் கேட்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் பாட்டில் எல்லாம் உண்டு. ஒரு பெரியவர் எழுந்து, ‘எங்க ஏரிக்கு வர்ற தண்ணி என்னாவும் சார்?’ என்பார். மேடையிலிருந்து, ‘நோட் பண்ணிக்கிட்டோம் ஐயா, உட்காருங்க’ என்று பதில் வரும். அறிக்கையின் பின்னிணைப்பில் ‘பொதுமக்கள் திட்டத்தை வரவேற்றனர்’ என்று அச்சாகும். அறிக்கையைப் படித்துவிட்டுப் பேசலாம் என்றால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். 2020-இல் அந்த 2006 சுற்றுச்சூழல் விதியையே மாற்ற ஒன்றிய அரசு வரைவு வெளியிட்டபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. ஆணையை நிறைவேற்றுவதற்குப் பதில் அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. உங்கள் ஆற்றை நாசம் செய்யும் விதியை உங்கள் மொழியில் சொல்லுங்கள் என்றால் மேல்முறையீடு!

குழாயில் தண்ணீர் வரக் கூடாது என்பவன் பாவி. செஞ்சிப் பெண்கள் குடத்தோடு நடந்தது போதும். தண்ணீர் வர வேண்டும். வீடு வீடாக வர வேண்டும். அந்த நியாயத்தைக் கவசமாக மாட்டிக்கொண்டுதான் இந்தப் பொய் அறிக்கைகள் உலாவுகின்றன. கேள்வி கேட்டால், ‘தண்ணீர் வேண்டாமா உனக்கு?’ என்று மிரட்டுகிறார்கள். தாகத்தைப் பணயம் வைத்துக் கையெழுத்து வாங்குவது வழிப்பறி.

ஆகவே செஞ்சிக்காரர்களே, அடுத்த திட்டத்தின் அறிக்கை வரும்போது பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தமிழில் பிரதி கேளுங்கள். தூசியைப் பற்றிய பக்கங்களைப் புரட்டித் தள்ளுங்கள். மூன்றே கேள்விக்குப் பதில் தேடுங்கள்: தண்ணீர் எந்த ஊரிலிருந்து வருகிறது, அந்த ஊருக்கு என்ன மிஞ்சும்? நம் ஏரி குளங்களைச் சீர்செய்தால் எவ்வளவு கிடைக்கும் என்று யாராவது அளந்தார்களா? பயன்படுத்திய தண்ணீர் எங்கே சுத்தமாகி எங்கே போகிறது? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். ‘உட்காருங்க’ என்பார்கள். உட்காராதீர்கள்.