விழுந்த செயலியும் எழும்பாத ரீமும்

யாழ்ப்பாணத்தை இன்னொரு சிலிக்கன் பள்ளத்தாக்காக ஆக்கப் புறப்பட்டது யாழ் ஐரி ஹப் என்ற அமைப்பு. பள்ளத்தாக்குக்கு மலை வேண்டாமா என்று கேட்காதீர்கள். பெயரளவிலாவது கீரிமலை இருக்கிறது.

இங்கே ஒரு செயலி விழுந்தால், செய்தவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்துவிடும். தேத்தண்ணிக் கடைக்குத் தெரியும், ரொறன்ரோவில் இருக்கும் மருமகனுக்கும் தெரியும். செய்தவருக்கும் தெரியவேண்டும் என்றுதான் கிராஷ்லிற்றிக்ஸ், சென்ட்ரி போன்ற கருவிகள் எல்லாம் வந்தன. எந்தப் போன், எந்தப் பதிப்பு, நிரலில் எந்த வரி என்று உடனே கோள்மூட்டும். ஒரே காரணத்தால் விழுந்தவற்றை ஒரே கணக்கில் சேர்க்கும். அந்த வரியை எழுதியது யார் என்பதை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிற் (Git) காட்டிக்கொடுக்கும். அதோடு ரீமில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், மாட்டிக்கொண்டவரைத் தவிர.

“என்ரை கொம்பியூட்டரிலை ஓடுதே அண்ணை.”

“அப்ப உன்ரை கொம்பியூட்டரை வீடு வீடாய் அனுப்புவமே?”

விழுவது எங்கள் செயலிகள் மட்டுமில்லை. 2018 பெப்ரவரியில் ஒரேயொரு தெலுங்கு எழுத்துக்கூட்டைக் கண்டதுமே ஐபோன் செயலிகள் சுருண்டு விழுந்தன; ஐஓஎஸ் 11.2.6 வந்துதான் ஆப்பிள் கரையேறியது. நல்லகாலம், அது தமிழில்லை. தமிழாயிருந்தால் திருத்தவே விட்டிருக்கமாட்டோம். ஆப்பிளையே வீழ்த்திய செம்மொழி என்று நல்லூரில் பட்டிமன்றம் வைத்திருப்போம்.